கேட்காமல் செய்த வேலை

கலியமூர்த்தி என்ற மனிதரின் வலப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் கல்லீரல் என்றொரு பெரிய ஊர் இருந்தது. அந்த ஊரில் பிரிப்பான் என்றொருவன் வேலை பார்த்துவந்தான். அவன் ஒரு நொதி.

நொதிகளுக்கு ஆளுக்கு ஒரு வேலைதான். ஒருவன் வேலை இன்னொருவனுக்கு வராது. சாராய இனத்தைச் சேர்ந்தது எது வந்தாலும் அதைப் பிடித்து, அதோடு ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனைப் பிரித்துவிடுவது பிரிப்பானின் வேலை. மனிதர்கள் கடை திறந்து குடிக்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே அவன் வம்சம் இதைச் செய்துவந்தது. அளவுக்கு மீறிக் கனிந்த பழத்திலிருந்தும், குடலில் குடியிருக்கும் கிருமிகளிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எத்தனால் வந்துகொண்டேயிருக்கும். அதை உடம்பில் தங்கவிடாமல் அனுப்பி வைக்கத்தான் அவன் இருந்தான்.

இந்த வேலைக்குப் பலம் தேவையில்லை. எத்தனால் தானாகவும் மாறக்கூடியதுதான். ஆனால் மாறுவதற்கு முன்னால் அது ஒரு மேட்டை ஏறிக் கடக்க வேண்டும். உடம்பின் இளஞ்சூட்டில் அதற்கு அவ்வளவு தெம்பு வராது. அடிவாரத்திலேயே நின்றுகொண்டிருக்கும். தானாக ஏறட்டும் என்று விட்டிருந்தால் கலியமூர்த்தியின் ஆயுள் போதாது.

பிரிப்பானின் உடம்பு நடுவில் குழிந்து ஓர் இருக்கை போல இருக்கும். இருக்கையின் ஆழத்தில் துத்தநாகத் துணுக்கு ஒன்று. எத்தனால் வந்து அதில் உட்கார்ந்ததும் துத்தநாகம் அதை இழுத்துப் பிடிக்கும். எத்தனாலின் உடம்பு லேசாக வளையும். இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்த ஹைட்ரஜனின் பிடி தளர்ந்துவிடும். அவ்வளவு பெரிய மேடு வாசற்படி உயரத்துக்கு இறங்கிவிடும். பக்கத்தில் தயாராக நிற்கும் சுமப்பான் ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு போய்விடுவான். உட்கார்ந்தவன் வேறு ஆளாக எழுந்துபோவான். பிரிப்பானுக்கு ஒரு கீறல்கூட விழாது. உடனே அடுத்த ஆள் வந்து உட்காரலாம்.

எழுந்துபோனவனை அடுத்துப் பிடித்துக்கொள்பவன் முடிப்பான். அவன் கை பட்டால் எத்தனாலில் மிச்சமிருந்த காரமும் போய்விடும். காடியின், அதாவது வினிகரின், புளிப்பாக மாறி, உடம்பின் அடுப்புகளில் எரிந்து, அதற்குச் சூடாகும். முடிப்பான் வயதில் இளையவன். பிரிப்பானை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

பிரிப்பானுக்குத் தன் வேகத்தில் பெருமை இருந்தது. தன் முன்னால் யாரும் காத்து நிற்கக் கூடாது என்பான். வந்தவன் யார், எதற்காக வந்தான், எழுந்துபோன பிறகு என்ன ஆனான் என்று அவன் விசாரித்ததில்லை. விசாரிக்கும் அவசியமும் அதுவரை வந்ததில்லை.

வெளியே கலியமூர்த்தியும் ஏறக்குறைய அப்படிப்பட்டவர்தான். அவரிடம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று இருந்தது. காய்கறி மூட்டை, சிமெண்ட், கல்யாண வீட்டுப் பாத்திரம், பழைய இரும்பு என்று எதையும் ஏற்றுவார். எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும், எப்போது போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்வார். என்ன சரக்கு என்று கேட்க மாட்டார். மழையோ ஊர்வலமோ, சொன்ன நேரத்துக்கு அவர் வண்டி வாசலில் நிற்கும் என்று மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்தத் தெருவுக்குள் புகுந்தால் எங்கே வெளியே வரலாம் என்பது அவருக்கு மனப்பாடம். அதைச் சொல்லிக் காட்டுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அவரோடு சுமை ஏற்றி இறக்க லோகநாதன் வருவான். கலியமூர்த்தியைவிடச் சில வயது இளையவன். இரண்டு ஆள் தூக்கும் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி வைத்துவிட்டுச் சிரிப்பான். கலியமூர்த்தி அவனை லோகு என்று கூப்பிடுவார். அவன் மனைவி பொற்கொடி பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்தாள். காலையில் வண்டி எடுக்கும் முன் இருவரும் அங்கேதான் சாப்பிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மூடிக்கிடந்த பெயிண்ட் கம்பெனிக் கிடங்கிலிருந்து நீல டிரம்களை ஏற்றிப்போக ஆள் வேண்டும் என்று ஒருவர் கூப்பிட்டார். மதியத்துக்குள் ஊருக்கு வெளியே தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் இறக்க வேண்டும் என்றார். கலியமூர்த்தி சரி என்றார்.

பாதி வழியில் லோகநாதன் பின்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு டிரம்மின் மூடி சரியாகப் பொருந்தாமல் கசிந்துகொண்டிருந்தது.

“அண்ணே, வாடை நல்லாயில்ல. என்ன சரக்குன்னு ஒரு வார்த்த கேட்டுடலாமா?” என்றான்.

“நமக்கு எதுக்குடா அது? எறக்கினமா, வந்தமான்னு இரு,” என்றார் கலியமூர்த்தி.

லோகநாதன் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தான். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவன் எண்ணம்.

சொன்ன நேரத்துக்கு முன்பே வண்டி கொட்டகையில் நின்றது. கொட்டகைக்காரருக்கு ஏக சந்தோஷம். கூலியோடு ஒரு பையில் சாராயப் பாக்கெட்டுகளையும் போட்டுக் கொடுத்தார். கொட்டகைக்குள் அதே பாக்கெட்டுகளும், முன்பே வந்து காலியான நீல டிரம்களும் குவிந்து கிடந்ததை இருவரும் பார்த்தார்கள். இவர்கள் கொண்டுவந்த டிரம்களும் அவற்றுக்குப் பக்கத்தில்தான் இறங்கின. இரண்டையும் சேர்த்து யோசிக்க இருவருக்கும் தோன்றவில்லை. உடம்பு வலித்தது, வெயிலும் அடித்தது. வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக் குடித்தார்கள். கலியமூர்த்தி கொஞ்சம் குடித்தார். லோகநாதன் அவரைவிட அதிகமாகக் குடித்தான்.

கொஞ்ச நேரத்தில் கல்லீரலில் கூட்டம் கூடியது.

பிரிப்பான் உற்சாகமாக வேலையைத் தொடங்கினான். முதலில் வந்தவர்கள் பழகிய எத்தனால்கள். அவர்கள் சிலர்தான் இருந்தார்கள். உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், முடிப்பானிடம் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் அதே சாயலில், ஆனால் ஒரு பிடி குட்டையாக, வேறொரு கூட்டம் நின்றது.

“அடுத்த ஆள் வரலாம்,” என்றான் பிரிப்பான்.

முன்னால் நின்றவன் தயங்கினான். “ஐயா, நான் எத்தனால் இல்லை. என் பெயர் மெத்தனால்.”

“பார்த்தால் அவன் தம்பி போலத்தான் இருக்கிறாய். பரவாயில்லை, உட்கார்.”

“நீங்கள் என்னைத் தொடாமல் விட்டுவிட்டால் நல்லது. நான் இப்படியே இருந்தால் இந்த மனிதருக்குக் கொஞ்சம் தலை சுற்றும், அவ்வளவுதான். மூச்சிலும் சிறுநீரிலும் மெல்ல மெல்ல வெளியே போய்விடுவேன். உங்கள் கை பட்டால் நான் வேறு ஆளாகிவிடுவேன். பிறகு என்னை யாராலும் தடுக்க முடியாது.”

அவன் இவ்வளவும் சொன்னது ரத்தத்தின் ஓட்டத்தில் தள்ளப்பட்டு இருக்கைக்கு வந்துகொண்டே. பிரிப்பான் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். சொல்வதில் ஏதோ இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகக் கேட்கலாம் என்றுகூட நினைத்தான். ஆனால் மெத்தனால் இருக்கையில் வந்து பொருந்திவிட்டது. எத்தனால் அளவுக்குக் கச்சிதமாக இல்லை, கொஞ்சம் தளர்வுதான். இருந்தாலும் பொருந்திவிட்டது. துத்தநாகம் இழுத்தது. உடம்பு வளைந்தது. சுமப்பான் பழக்கத்தில் கை நீட்டி ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டான்.

எழுந்து நின்றவனைப் பார்த்ததும் பிரிப்பானுக்குத் திக்கென்றது. பிணத்தை அழுகாமல் வைக்க ஆஸ்பத்திரியில் ஊற்றுவார்களே, ஃபார்மலின், அந்த நெடி அவன்மேல் வீசியது. அவன் பிரிப்பானை ஒருமுறை பார்த்தான். பிறகு முடிப்பான் பக்கம் போய்விட்டான்.

“அண்ணே, எதை அனுப்பினீர்கள்?” என்று முடிப்பான் கத்தினான். கத்திக்கொண்டே அவனும் அவன் கூட்டாளிகளும் அதைப் பிடித்து மாற்றிவிட்டார்கள். அவர்களுக்கும் வேறு வழி தெரியாது. இம்முறை எழுந்தது, எறும்பு கடித்தால் சுரீரென்று ஏறும் அதே அமிலம். அது இவர்கள் யாரையும் பார்க்காமல் ரத்தத்தில் இறங்கிவிட்டது.

பிரிப்பான் அடுத்த மெத்தனாலைத் தடுக்கப் பார்த்தான். இருக்கையை மூடிக்கொள்ள முயன்றான். மூடவில்லை. அவன் உருவமே இருக்கைதான். முகத்தைத் திருப்பிக்கொள்ள அவனுக்குத் தனியாக முகம் கிடையாது. வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்கள். சிலர் கெஞ்சினார்கள். பின்னால் வந்தவர்கள் கெஞ்சவும் இல்லை. முன்னால் போனவர்களுக்கு நடந்ததைப் பார்த்துவிட்டார்கள்.

அந்த அமிலத்தைக் கரைத்து அனுப்பும் வேலை மெல்லி என்ற மூத்த நொதிக்கு. பிரிப்பான் சுமப்பானை அவளிடம் ஓடவிட்டான். எப்படியாவது எல்லாவற்றையும் சீக்கிரம் அனுப்பிவிடச் சொன்னான்.

சுமப்பான் திரும்பிவந்து அவள் சொன்னதைச் சொன்னான். மெல்லி தனியாக வேலை செய்கிறவள் இல்லை. கீரையிலிருந்து வரும் ஃபோலேட் என்ற சத்து பக்கத்தில் இருந்தால்தான் அவளுக்குக் கை ஓடும். கலியமூர்த்தியோ கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கிறவர். சாதாரண நாளில் அமிலம் எப்போதாவது ஒன்றிரண்டாக வரும், அதற்கு இருக்கிற சத்தே போதும். இவ்வளவு கூட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. கடைசியாக அவள் ஒன்று சொல்லியனுப்பியிருந்தாள்.

“அவன் வேகத்துக்கு நான் ஈடுகொடுக்க முடியாது. அவன் கொஞ்சம் மெதுவாகச் செய்தாலே போதும், நான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்.”

பிரிப்பான் வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக வேலை செய்ய ஆசைப்பட்டான். அவனுக்கு அது வரவில்லை.

“நான் என் வேலையைத்தானே செய்தேன்?” என்று அவன் சுமப்பானிடம் கேட்டான்.

சுமப்பான் ஓடத் திரும்பினான். அவன் கையில் ஹைட்ரஜன் இருந்தது.

அமிலம் ரத்தத்தோடு எல்லா ஊருக்கும் போனது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பில்தான் அது அதிகம் தங்கியது. அந்த நரம்புக்குள் ஓயாமல் எரியும் சிறிய அடுப்புகள் இருந்தன. அவை எரிந்தால்தான் கண் பார்த்தது மூளைக்குப் போய்ச் சேரும். அமிலம் அடுப்பு அடுப்பாக அணைத்துக்கொண்டே போனது.

மறுநாள் விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் கலியமூர்த்தி எழுந்தார். மனைவி அஞ்சலாட்சி காப்பி கொண்டுவந்து நீட்டினாள். அவர் டம்ளருக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தார்.

“ஏன் இன்னிக்கு இவ்ளோ பனி?” என்று கேட்டார்.

பனி எதுவும் இல்லை என்றாள் அஞ்சலாட்சி. நேற்றுக் குடித்தது இன்னும் இறங்கவில்லை என்று நினைத்து, திட்டிக்கொண்டே எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்தாள். அவர் அதை வாந்தி எடுத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். ஓடிவந்தவர் போல மூச்சு வாங்கியது. கண்ணுக்குள் பாலை ஊற்றியது போல எல்லாம் வெள்ளையாக இருக்கிறது என்றார். குரலில் பயம் இருந்தது. அவர் பயந்து அவள் பார்த்ததில்லை.

அப்போது பொற்கொடியிடமிருந்து போன் வந்தது. லோகநாதனை எழுப்ப எழுப்ப எழுந்திருக்கவில்லை, மூச்சு மட்டும் பெரிது பெரிதாக விடுகிறார், அண்ணன் வண்டியைக் கொண்டுவர முடியுமா என்று அழுதாள். அஞ்சலாட்சிக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. பொற்கொடியிடம் ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லிவிட்டு அவளும் கூப்பிட்டாள்.

இரண்டு ஆம்புலன்சும் ஒரே அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தன. கலியமூர்த்தி உயிரோடு வந்து சேர்ந்தார். லோகநாதன் வழியிலேயே இறந்திருந்தான்.

பணியில் இருந்த டாக்டர் ஓர் இளம்பெண். கலியமூர்த்தியின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்று கேட்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு அஞ்சலாட்சியை ஓரமாக அழைத்து, சாராயத்தையே மருந்தாக அளந்து குழாய் வழியாகக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

அஞ்சலாட்சி கையெடுத்துக் கும்பிட்டாள். “அதக் குடிச்சுதானம்மா இப்படிக் கெடக்குறாரு. மறுபடி அதையே குடுக்கலாமா?”

“அவர் குடிச்சது மெத்தனால்மா. அது உள்ள போனதும் அப்படியே விஷம் இல்ல. நம்ம கல்லீரல்ல ஒரு நொதி இருக்கு. எந்தச் சாராயம் வந்தாலும் அது மாத்திடும். நல்ல வேகமா மாத்தும். மெத்தனாலை மாத்துறப்பதான் விஷம் உண்டாகுது. அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனாலைத்தான் ரொம்பப் பிடிக்கும். அதனால எத்தனாலைக் குடுத்து அதை வேலையா வெச்சிருப்போம். அதுக்குள்ள மிச்ச மெத்தனாலை மெஷின் வெச்சு ரத்தத்துலேர்ந்து எடுத்துடலாம். இதுக்கு வேற மருந்தும் இருக்கு, இப்ப இங்க கையிருப்பு இல்ல. இது நாங்க பக்கத்துல இருந்து அளந்து குடுக்குறது. வேற யாரும் இப்படிச் செய்யக் கூடாது.”

அஞ்சலாட்சி கொஞ்சம் யோசித்தாள். “அப்ப, அவர் ஒடம்பேதான் அவருக்கு விஷம் வெச்சுதா?”

“ஒடம்புக்குத் தெரியாதுமா,” என்றார் டாக்டர். “அது தெரிஞ்சு செய்யல.”

கல்லீரலில் பிரிப்பான் ஓய்ந்த மனதோடும் ஓயாத கையோடும் இருந்தான். இருக்கைக்கு முன்னால் மெத்தனால்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. அப்போது கூட்டத்துக்குப் பின்னால் சலசலப்பு கேட்டது. எத்தனால்கள் வந்துகொண்டிருந்தார்கள். சுத்தமான, கலப்பில்லாத எத்தனால்கள். முன்னால் வந்தவன் வழி விடச் சொல்லி உள்ளே புகுந்து இருக்கையில் அமர்ந்தான். மெத்தனால் ஒன்று பக்கத்தில் வந்து முட்டிப் பார்த்துவிட்டு, இடமில்லாமல் விலகியது.

“நீயுமா வந்தாய்?” என்றான் பிரிப்பான் சலிப்போடு. “என்னால் நடந்தது போதாதா?”

“அண்ணே, இன்றைக்கு நான் உங்களிடம் காரியமாக வரவில்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் எழுந்ததும் எனக்குப் பின்னால் இருப்பவன் உட்காருவான். அவன் எழுந்தால் அடுத்தவன். அந்தக் குட்டைப் பயல்களுக்கு இருக்கை கிடைக்காமல் பார்த்துக்கொள்வோம்.”

பிரிப்பானுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் பழையபடி முழு வேகத்தில் இறங்கினான். அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எத்தனால்கள் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். மெத்தனால்கள் வெளியே நின்று பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக ரத்தத்தின் போக்கில் போயின. சுமப்பான் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான், கழுத்தில் ஊசி குத்திய இடத்தில் ஒரு குழாய் திறந்திருக்கிறது, அந்த வழியாக ஓர் இயந்திரத்துக்குள் போகிறார்கள், திரும்பி வருவதில்லை என்று.

போகும்போது ஒரு மெத்தனால் பிரிப்பானைக் கடந்து போனது. கோபமாக எதுவும் சொல்லவில்லை. “நாங்கள் கேட்டதும் இப்படி வெளியே போகும் ஒரு வழியைத்தான்,” என்று மட்டும் சொன்னது.

மெல்லிக்கும் உதவி வந்தது. டாக்டர் போட்ட ஊசியில் அவள் கேட்ட சத்து இருந்தது. அவள் தன் நிதானத்தில் அமிலத்தைக் கரைக்கத் தொடங்கினாள். வேகத்தைக் கூட்டச் சொல்லி இந்த முறை யாரும் அவளிடம் ஆள் அனுப்பவில்லை.

மூச்சு சீரானது. ரத்தத்தின் புளிப்பு இறங்கியது. கலியமூர்த்தி பிழைத்துக்கொண்டார்.

ஆனால் கண்ணுக்குப் பின்னால் அணைந்த அடுப்புகள் மீண்டும் எரியவில்லை. பிரிப்பான் அதைத் திரும்பத் திரும்பச் சுமப்பானிடம் விசாரித்தான். முடிப்பானும் விசாரித்தான். நரம்பு வெளுத்துப்போய்விட்டது என்று ரத்தத்தில் வந்தவர்கள் சொன்னார்கள். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிகிறதாம், அதுவும் வெயில் இருந்தால்.

“நான் பிரித்ததைத் திரும்ப ஒட்டவைக்க யாராவது இருக்கிறார்களா?” என்று பிரிப்பான் ஒருநாள் மெல்லிக்கு ஆள் அனுப்பிக் கேட்டான்.

இல்லை என்று பதில் வந்தது. அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள் என்று சுமப்பான் சொன்னான்.

கொட்டகைக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. தோப்பில் மெத்தனாலோடு மிச்சமிருந்த டிரம்களையும் எடுத்துப்போனார்கள். வார்டுக்கு வந்து கலியமூர்த்தியையும் விசாரித்தார்கள். அவர் நடந்ததைச் சொன்னார். நான் வண்டிதான் ஓட்டினேன் என்று சொன்னார். அதைச் சொல்லும்போது தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை என்பது போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் காலையில் பொற்கொடி வந்தாள். அஞ்சலாட்சி எழுந்து அவளை உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை. கட்டிலருகில் வந்து நின்றாள். யார் வந்திருப்பது என்று கலியமூர்த்திக்குத் தெரியவில்லை. கையை நீட்டித் தடவினார்.

“நான்தாண்ணே, பொற்கொடி.”

நீட்டிய கையை அவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அவள் அழுவாள், திட்டுவாள் என்று அஞ்சலாட்சி எதிர்பார்த்தாள். அவள் ஒன்றும் செய்யவில்லை. கடையைத் திறந்துவிட்டதாகச் சொன்னாள். பெரிய மகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தவில்லை என்றாள். அண்ணன் நல்லபடியாக வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். புறப்படத் திரும்பியவள் நின்றாள்.

“அண்ணே, ஒன்னு கேக்கணும். அந்த டிரம்முல என்ன இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“கேக்கலியா?”

தெரியாது என்பதோடு கலியமூர்த்தி நிறுத்தியிருக்கலாம். அவளுக்குச் சொல்ல லோகநாதன் இல்லை. வண்டிக்குள் நடந்த பேச்சு வேறு யாருக்கும் தெரியாது.

“அவன் கேக்கலாம்னான்மா. வாடை நல்லாயில்ல, கேட்டுடலாம்ணேன்னான். நான்தான் வேணாம்னுட்டேன்.”

அஞ்சலாட்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொற்கொடி அவர் முகத்தையே பார்த்தாள். அந்தக் கண்கள் அவளைத் தாண்டி வேறு எங்கோ பார்த்தன. பிறகு அவள் மெல்ல நடந்து வார்டை விட்டு வெளியே போனாள். போய்விட்டாள் என்று அஞ்சலாட்சி சொல்லும்வரை கலியமூர்த்தி அவள் இன்னும் நிற்கிறாள் என்றே நினைத்துத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

இந்தச் செய்தியைச் சுமப்பான்தான் கல்லீரலுக்குக் கொண்டுவந்தான். அன்று அங்கே வேலை அதிகமில்லை. பிரிப்பானின் இருக்கை காலியாக இருந்தது.

“டிரம்மில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லையாம் அண்ணே. கூட வந்தவன் கேட்கலாம் என்றானாம். இவர் வேண்டாம் என்றாராம்.”

பிரிப்பான் யோசித்தான். “கேட்டிருந்தால் மட்டும் என்ன? மெத்தனால் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேதானே செய்தேன்? தெரிந்த பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லையே. அவரால் நிறுத்தியிருக்க முடியுமா?”

“முடியும். அவர்கள் நம்மைப் போல இல்லை. பிடிக்காவிட்டால் சரக்கை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.”

“நிஜமாகவா?”

“நிஜமாக.”



“பாவம் அவர்,” என்றான் பிரிப்பான். “என் வருத்தத்துக்காவது ஒரு சமாதானம் இருக்கிறது.”